ஒரு சாண் உயரம்

தாழ்ப்பாள் கழன்றுவிட்டது. கதவுதான் வரவில்லை.

அவள் தோளைக் கொடுத்துத் தள்ளினாள். ஆறு வருஷமாகத் திறக்காத கதவு மக்கர் பண்ணத்தான் செய்யும் என்று நேற்று சாயங்காலமே தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விட்டு வைத்திருந்தாள். கதவு மேல்பக்கம் விரலளவு வெளியே போய், கீழே எதிலோ முட்டித் திரும்பி வந்தது. அந்தப் பக்கம் ஆம்புலன்ஸ் நின்றுகொண்டிருந்தது. சைரனை நிறுத்திவிட்டார்கள். விளக்கு மட்டும் சுழன்றுகொண்டிருந்ததால் கதவின் மேல் இடுக்கில் சிவப்பு வந்து வந்து போனது. யாரோ வெளியிலிருந்து தட்டினார்கள்.

"திறங்கம்மா!"

"திறக்க வரல. நீங்க வெளியிலேர்ந்து இழுங்க!"

"இழுக்க முடியாதும்மா. கீழ கல்லு வெச்சு அடைச்சிருக்கு."

"என்ன கல்லு?"

"பிளாட்பாரக் கல்லு. புதுசு. கதவு இதுக்குள்ள ஒரு சாண் போயிருக்கு."

அவளுக்கு உடனே புரியவில்லை. புரிந்துகொள்ள நேரமும் இல்லை. பின்னால் கட்டிலில் அப்பா தலையணைமேல் தலையணை வைத்துச் சாய்ந்திருந்தார். வாயால் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். அம்மா ஒரு கையால் அவர் முதுகைத் தாங்கி, மறு கையால் நெஞ்சை நீவிக்கொண்டிருந்தாள். அப்பாவின் கண் கதவின்மேல் இருந்தது. சிக்னல் விழக் காத்திருக்கும் டிரைவரின் பார்வை. முப்பது வருஷம் நகரப் பேருந்து ஓட்டியவர், அதிலும் இந்த நாலு ரோட்டு முனையிலேயே பாதி ஆயுளைச் சிக்னலில் கழித்தவர்.

"பின்பக்கமா வாங்க!" என்று அவள் கதவைப் பார்த்துக் கத்தினாள். "மருந்துக் கடையைத் தாண்டி இடது கைப்பக்கம் சந்து. குப்பைத்தொட்டி வரும். அதுக்கு அடுத்து இரும்புக் கதவு. சாக்கடை ஸ்லாப் ஒண்ணு உடைஞ்சிருக்கு, பாத்து வாங்க!"

இந்த வழியை அவள் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பாள். சிலிண்டர்காரன், பார்சல்காரன், பழைய பேப்பர்காரன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள். வழி சுருங்குவதில்லை, அதுதான் கஷ்டம். வாசலிலிருந்து கைநீட்டினால் தொடுகிற இடத்தில் நின்ற வண்டி, முனையெல்லாம் சுற்றி வந்தது. சக்கர ஸ்ட்ரெச்சர் சந்துத் திருப்பத்தில் திரும்பவில்லை. அதை அங்கேயே விட்டுவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேர் ஓடிவந்தபோது அம்மா நெஞ்சை நீவுவதை நிறுத்தியிருந்தாள்.

வந்தவர்களில் மூத்தவன் நெஞ்சில் கைவைத்து அழுத்தினான். நாடி பார்த்தான். கண்ணைத் திறந்து டார்ச் அடித்தான். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, "முன்பக்கமா வந்திருந்தாலும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாதும்மா" என்றான். ஆறுதலாகத்தான் சொன்னான்.

அம்மா அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒரு தடவை முன்பக்கமா வந்துட்டு அதைச் சொல்லுங்க."

அவன் பையை மூடினான்.

*

நேற்று சாயங்காலம் தகரத்தை எடுத்தார்கள்.

கீழே ரயில் நிலையம் தோண்டுவதற்காக நாலு ரோட்டு முனை முழுவதையும் தகர வேலி போட்டு மறைத்தபோது, முனையில் இருந்த இந்த வீட்டுக்கு ஒரு வருஷம்தான் சொன்னார்கள். தகரம் வாசலுக்கு ஒரு கை தூரத்தில் நின்றது. கதவு வெளிப்பக்கம் திறப்பது. முன்னறை சின்னது, கட்டில் போட்டால் கதவைத் திறக்க இடமில்லை என்று அப்பாதான் ஒரு காலத்தில் அதை மாற்றி வைத்தார். "ஊர்ல எல்லாரும் கதவை உள்ள திறக்குறாங்க, இவர் மட்டும் ரோட்டுல திறக்குறார்" என்று அம்மா அன்றைக்கே சொன்னாள். அம்மா எதையும் அன்றைக்கே சொல்லிவிடுகிறவள். தகரம் வந்த பிறகு கதவைத் திறந்தால் தலை நுழைகிற அளவுக்குத்தான் இடைவெளி. உள்ளே வந்தது புழுதிதான். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்கள்.

நேற்று தகரம் கழற்றுகிற சத்தம் கேட்டதும் அப்பாவுக்கு முகமே மாறிவிட்டது. சவரம் பண்ணிக்கொண்டார். நாற்காலியை வாசல் பக்கமாக நகர்த்தச் சொன்னார்.

"காலையில டீயை அங்க கொண்டுவா" என்றார் அம்மாவிடம். "எந்த டிரைவர் எப்படித் திருப்புறான்னு பாக்கணும்."

தூங்கப் போகும்போது வெளியே டொக் டொக் என்று சத்தம் கேட்டது. ரப்பர் சுத்தியல். போகப்போகச் சத்தம் சுவருக்குப் பக்கத்திலேயே வந்தது. "கல்லு வெக்கிறாங்க. நம்ம வாசலுக்கு வந்துட்டாங்க" என்று அப்பா படுத்தபடியே சொன்னார். அந்தக் குரலில் அவ்வளவு சந்தோஷம். தன்னை உள்ளே வைத்து அடைக்கிற சத்தத்தை, தனக்கு வழி போடுகிற சத்தம் என்று நினைத்துக் கேட்டுக்கொண்டே தூங்கியிருக்கிறார் மனுஷன்.

*

தம்பி வந்தான். அவன் நகரத்தின் அடுத்த கோடியில் இருந்தான். பின்சந்து வழியாகச் சமையலறையில் நுழைந்து, செருப்பைக் கழற்ற மறந்து, கட்டிலருகே போய் நின்றான். அழுதான். கண்ணைத் துடைத்துக்கொண்டதும் கதவைப் பார்த்தான். கதையை அம்மா சொல்ல, கேட்டுவிட்டு அக்காவிடம் திரும்பினான்.

"உங்க ஆளுங்க வேலை பிரமாதம்க்கா. வேலியே பயிரை மேஞ்சுருச்சு."

அவளால் மறுத்துச் சொல்ல முடியாது. அவள் அந்த ரயில் திட்டத்தின் தகவல் மையத்தில் வேலை பார்த்தாள். முனைக்கு எதிர்ப்பக்கம் நீல நிறம் அடித்த ஒரு இரும்புப் பெட்டி, அதில் ஒரு ஜன்னல், ஜன்னலுக்குப் பின்னால் அவள். பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு முன்னுரிமை என்று கொடுத்த வேலை. "நம்ம வாசலை அடைச்சவங்களே நம்ம வீட்டுல ஒருத்திக்குச் சோறு போடுறாங்க. நியாயமான ஆளுங்கதான்" என்று அப்பா சொல்லிச் சிரித்தார்.

திங்கள்கிழமை தோறும் அவர் அந்த ஜன்னலுக்கு வருவார். பின்சந்தில் இறங்கி, சுற்றி வந்து, வரிசையில் நிற்பார். முன்னால் நிற்பவர்கள் வழிவிட்டாலும் போகமாட்டார். முறை வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொள்வார்.

"வணக்கம் மேடம்."

"சொல்லுங்க சார்."

"நாலு ரோட்டு முனை வீடு. முன்வாசல் எப்ப திறக்கும்?"

"இன்னும் மூணு மாசம் சார். கொஞ்சம் பொறுத்துக்கணும்."

"பொறுத்தார் பூமி ஆள்வார்னு சொல்லுவாங்க மேடம். பூமியைத்தான் நீங்க தோண்டி எடுத்துட்டுப் போயிட்டீங்களே."

வரிசை முழுக்கச் சிரிக்கும். அவளும் சிரிப்பாள். அவர் மகள் என்று அங்கே பலருக்குத் தெரியாது. தெரியக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். வீட்டில் அதைப் பற்றிப் பேசமாட்டார். கேட்கிறதைக் கவுன்டரில்தான் கேட்க வேண்டும். முதல் வருஷம் அது விளையாட்டு. மூன்றாவது வருஷம் அவர் "மேடம்" என்கிறபோது அவளால் அவர் கண்ணைப் பார்க்க முடியவில்லை.

ஒரு திங்கள்கிழமை, கவுன்டருக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த பெரிய படத்தை அப்பா நெடுநேரம் பார்த்தார். வேலை முடிந்த பிறகு முனை எப்படி இருக்கும் என்று வரைந்த படம். கல் பாவிய நடைபாதை, தொட்டிச் செடி, பெஞ்சு, குழந்தையைக் கைப்பிடித்து நடக்கிற ஒரு வெள்ளைச் சட்டைக்காரர்.

"மேடம், படத்துல என் வாசலைக் காணோம்."

"எங்க சார்?"

"இங்கதானே என் வீடு? வெறும் சுவரா இருக்கு. கொடி படர விட்டிருக்காங்க."

"அது சும்மா மாதிரிக்குப் போட்ட படம் சார்."

ஆனாலும் அவள் மேலே எழுதிக் கேட்டாள். படம் மாதிரிக்கு மட்டுமே என்று அவள் சொன்னதையே அவளுக்குப் பதிலாக அனுப்பினார்கள்.

அதற்கடுத்த மழையில், சந்தில் உடைந்த ஸ்லாபில் அப்பாவின் கால் போனது. இடுப்பு எலும்பு. ஆறு மாதம் படுக்கை. எழுந்து நடக்க ஆரம்பித்த பிறகும் அந்தச் சந்தில் இறங்க மறுத்துவிட்டார். "இனிமே வெளிய போனா முன்வாசல் வழியாத்தான் போவேன். சாக்கடை மேல நடக்க முடியாது" என்றார். கவுன்டருக்கு வருவது நின்றது. ஆனால் திங்கள்கிழமை அவள் வேலை விட்டு வந்து பையை ஆணியில் மாட்டும்போது, கட்டிலிலிருந்து குரல் வரும்.

"மேடம், கவுன்டர் மூடியாச்சா?"

"இல்ல சார், சொல்லுங்க."

அம்மா மட்டும் இந்த விளையாட்டில் சேரவே இல்லை. "அப்பனும் மகளும் நல்லாப் பேசுறீங்க" என்று பாத்திரத்தைக் கொஞ்சம் ஓசையாக வைப்பாள்.

*

"சாயங்காலம் வண்டி சொல்லியிருக்கேன்" என்றான் தம்பி. "பின்பக்கம் எப்படித் திருப்புறதுன்னுதான் தெரியல. நாலு பேரு சேர்ந்து கொஞ்சம் சாய்ச்சுத் தூக்கினா..."

"யாரைச் சாய்க்கப் போற?" என்றாள் அம்மா.

"வேற வழி இல்லம்மா."

"முன்வாசல் வழியாத்தான் போவேன்னார். சாக்கடை மேல அனுப்ப மாட்டேன். வழி இல்லைன்னா இங்கயே இருக்கட்டும். அவங்கதான் அவரை உள்ள வெச்சுப் பூசிட்டாங்களே, பூசினபடியே இருக்கட்டும்."

கோபத்தில் சொல்கிறாள் என்று தம்பி நினைத்தான். அம்மா நாற்காலியை எடுத்துவந்து கட்டிலுக்கும் சமையலறைக்கும் நடுவில் போட்டு அதில் உட்கார்ந்தபோதுதான் அவனுக்கு விளங்கியது.

மகள் முகம் கழுவிக்கொண்டு வெளியே போனாள்.

சந்தைச் சுற்றி முனைக்கு வந்ததும் ஒரு நிமிஷம் அவளுக்கே இடம் தெரியவில்லை. தகரம் இல்லாத நாலு ரோடு அகலமாக, வெளிச்சமாக இருந்தது. சாம்பல் நிறக் கல் வரிசை வரிசையாகப் போய்க்கொண்டிருந்தது. பார்வையில்லாதவர்களுக்கான மஞ்சள் கோடு. செடிக்குக் கறுப்பு இரும்பு வளையம். பெஞ்சில் இன்னும் பிளாஸ்டிக் உறை பிரிக்கவில்லை. நிலையத்தின் வாயிலுக்கு எதிரே நாளைக்கான மேடை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவன் ஒலிபெருக்கியில், "மைக் டெஸ்ட், ஒன், டூ, த்ரீ" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். போகிறவர்கள் நின்று படம் எடுத்தார்கள். அழகாகத்தான் இருந்தது. அழகாக இருந்ததுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

வரிசையாகக் கடைகளுக்கெல்லாம் வாசலில் சின்னதாய்ச் சரிவு வைத்திருந்தார்கள். மருந்துக் கடைக்குச் சரிவு, துணிக்கடைக்குச் சரிவு. அதைப் பார்த்துத்தான் நேற்று அவள் நிம்மதியாக வீட்டுக்குப் போனாள். வீட்டின் முன்னால் மட்டும் சரிவு இல்லை. நடைபாதைக் கல் ஒழுங்காக ஓடிவந்து கதவில் முட்டி நின்றது. கதவின் கீழ்க்கீல் சிமென்டுக்குள் போயிருந்தது. கதவோரத்தில் ஒரு புதுத் தொட்டியில் கொடி.

சைட் இன்ஜினியர் மேடைக்குப் பக்கத்தில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தான். சின்ன வயசு. நல்ல பையன், கவுன்டர் பக்கம் வந்தால் அவளுக்கும் சேர்த்து டீ வாங்கிவருவான். விஷயத்தைக் கேட்டதும் தொப்பியைக் கழற்றினான்.

"ஐயோ மேடம். எப்ப?"

"விடியக்காலையில. ஒரு வரிசைக் கல்லை எடுத்துக் குடுங்க. கதவு திறந்தா போதும். சாயங்காலம் கொண்டுபோயிட்டா நீங்க திருப்பி வெச்சுக்கலாம்."

அவன் கல்லைப் பார்த்தான், மேடையைப் பார்த்தான்.

"நாளைக்குத் திறப்பு மேடம். இது ஒட்டிப்போன கல்லு, எடுத்தா உடையும். மாத்துறதுக்குக் கல்லு இல்ல."

"எங்க வாசல் முக்கியமா, கல்லு முக்கியமா?" என்றாள்.

அவன் டேப்லெட்டைத் திறந்து வரைபடத்தைப் பெரிதாக்கிக் காட்டினான். "பாருங்க. இங்க வாசலே இல்ல. சுவருன்னுதான் இருக்கு."

"அங்க நான் பொறந்ததுலேர்ந்து வாசல் இருக்கு."

"இருக்கலாம் மேடம். அளவெடுக்க வந்தப்ப தகரம் மறைச்சிருக்கும். தெரிஞ்சிருக்காது."

"தகரத்தை வெச்சது யாரு?"

அவன் திரையை அணைத்தான். மேடையில் மைக்காரன் ஒன் டூ த்ரீ சொன்னான்.

"பின்வாசல் இருக்குல்ல மேடம்?" என்றான் இன்ஜினியர் மெதுவாக.

"இருக்கு."

"அப்புறம் என்ன? வெளியாளுங்க கேட்டா நாங்க ஏதாவது சொல்லிச் சமாளிப்போம். நீங்க நம்ம ஆளு, நீங்களே இப்படிக் கேட்டா எப்படி? ஒண்ணு பண்ணுங்க. ஒரு புகார் எழுதிக் குடுங்க. திறப்பு முடியட்டும், நான் முன்னால நின்னு சரிவு போட்டுத் தர்றேன்."

"யார்கிட்ட குடுக்கணும்?"

"உங்க கவுன்டர்லதான் மேடம்" என்றான் அவன், பழக்கத்தில். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. நிறுத்த முடியாத சிரிப்பு. மேடைக்குக் கீழே நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நாளைக்குத் திறப்பு, சந்தோஷத்தில் சிரிக்கிறாள் என்று நினைத்திருப்பார்கள்.

*

வழி கண்டுபிடித்தது கண்டக்டர் மாமா. அப்பாவோடு அதே பேருந்தில் இருபது வருஷம் டிக்கெட் கிழித்தவர். கட்டிலருகே நின்று நண்பனை ஒருமுறை பார்த்தார். "எப்பவும் என் விசிலுக்குக் காத்திருப்ப. இன்னைக்கு என்னடா அவசரம்?" என்று மட்டும் கேட்டார். பிறகு மூக்கைச் சிந்திவிட்டுக் கதவின் முன்னால் குந்தினார்.

"தங்கச்சி, இது கல்லை எடுக்கிற வேலை இல்ல. கதவை அறுக்கிற வேலை. கல்லுக்குள்ள மாட்டியிருக்கிற ஒரு சாண் அங்கயே கிடக்கட்டும். மேல அறுத்துட்டா மீதிக் கதவு திறக்கும்."

"அறுங்க அண்ணே" என்றாள் அம்மா. ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

மாமா வெளியே போய் ஒரு தச்சனோடு திரும்பினார். மேடைக்குப் பலகை அடித்துக்கொண்டிருந்தவன். கையில் மரம் அறுக்கிற மெஷின். சமையலறை வழியாக உள்ளே வந்தவன் கட்டிலைப் பார்த்ததும் தயங்கினான்.

"இவரை அந்தப் பக்கம் நகர்த்திடலாமா? தூசி பறக்கும்."

நகர்த்த இடமில்லை. அம்மா ஒரு போர்வையை எடுத்து அப்பாவின் தலைவரை மூடினாள்.

மெஷின் கத்தியது. அந்தச் சின்ன அறையில் பேச்சு, அழுகை, மூச்சு எல்லாம் அந்தச் சத்தத்துக்குள் போய்விட்டன. மரத்தூள் புகையாக எழுந்து போர்வைமேலும் ஆட்கள் தலைமேலும் இறங்கியது. பழைய மரம், நல்ல மரம். பிளேடு ஒருமுறை திணறி நின்றது. தச்சன் தண்ணீர் கேட்டான். குடித்துவிட்டு மறுபடியும் குனிந்தான். அவள் சுவரில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இவ்வளவுதானா என்று இருந்தது. ஆறு வருஷம் மேடம் என்றும் சார் என்றும் பேசிக்கொண்டதற்கு, விடியற்காலையில் சிவப்பு வெளிச்சம் வந்துபோன அந்த இடுக்குக்கு, ஒரு ஆளும் ஒரு மெஷினும் கொஞ்ச நேரமும். நேற்றே கதவைத் தள்ளிப் பார்த்திருக்கலாம். தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விட்டவள் கதவைத் தள்ளிப் பார்க்கவில்லை. காலையில் அப்பாதான் முதலில் திறக்க வேண்டும் என்று விட்டுவைத்தாள்.

சத்தம் நின்றது. தச்சன் கையால் கதவைத் தள்ளினான். கீழே ஒரு சாண் குறைந்த கதவு இரண்டு கீலில் தொங்கி, முனகிக்கொண்டு, நடைபாதைக்கு மேலாக வெளியே திறந்தது.

வெளிச்சம் கட்டில்வரை வந்தது. அம்மா போர்வையை விலக்கினாள். அப்படியும் புருவத்தில் மரத்தூள் படிந்திருந்தது. நேற்றுவரை அவர் தும்மினாலே திட்டுகிறவள், விரல் நுனியால் ஒவ்வொன்றாக எடுத்தாள்.

*

தூக்கும் நேரம் வந்தபோது கல் போடுகிற மேஸ்திரி வாசலுக்கு வந்தார். சங்கடப்பட்டுக்கொண்டே, "தப்பா நினைக்காதீங்க. கல்லு இடுக்குல பூச்சு இன்னும் முழுசாக் காயல. மேல சாக்கு விரிச்சுக்குறோம், அது மேலயே நடந்துக்கங்க" என்றார். அவரும் இரண்டு ஆட்களும் வாசலிலிருந்து சாலைவரை காலிச் சிமென்ட் சாக்குகளை வரிசையாக விரித்தார்கள்.

"பரவாயில்ல, மரியாதை பண்றாங்க" என்றான் தம்பி.

சவ வண்டியின் ஸ்ட்ரெச்சரில் வைத்து நாலு பேர் தூக்கினார்கள். முன்னால் தம்பியும் கண்டக்டர் மாமாவும். இந்த வாசலில் ஒரு படி கீழே இறங்க வேண்டும் என்பது அவர்கள் காலுக்குப் பழக்கம். தம்பி பிறந்ததிலிருந்து இறங்கிய படி. காலைக் கீழே விடத் தயாராக நீட்டினான். அறுபட்ட பலகையில் கணுக்கால் இடித்தது. அடுத்து மாமாவுக்கும் அதேதான். ஸ்ட்ரெச்சர் முன்பக்கம் சரிந்தது. அப்பா ஒரு பக்கமாக நழுவினார்.

"பிடிங்க, பிடிங்க!" என்று அவள் ஓடிப் போய் விளிம்பைப் பிடித்தாள்.

"இறங்கறதில்ல. ஏறணும்" என்றார் மாமா, மூச்சு வாங்க. "எல்லாரும் காலைத் தூக்கி ஏறுங்க. பாத்து. ஆ, ஏறு."

ஒவ்வொருவராக ஒரு சாண் ஏறி வெளியே போனார்கள். அப்பா வீட்டைவிட்டுப் பள்ளத்திலிருந்து மேட்டுக்குப் போகிற மாதிரி போனார். சாக்குகள் காலடியில் சரசரத்தன. பெஞ்சில் உறையைப் பிரித்துக்கொண்டிருந்தவன் எழுந்து நின்றான். படம் எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண் போனைத் தாழ்த்தினாள். மைக்காரனுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது, அவன் ஒன் டூ த்ரீயில் இருந்தான்.

சவ வண்டியைப் புதிதாகக் கட்டிய பேருந்து நிறுத்தத்தில் நிறுத்தியிருந்தார்கள். பேருந்துகள் நாளைக்குத்தான் வரும். கண்டக்டர் மாமா அப்பாவை உள்ளே தள்ளிவிட்டு, கதவை இழுத்துச் சாத்தினார். வண்டியின் பக்கவாட்டுத் தகரத்தைக் கையால் இரண்டு தட்டுத் தட்டினார்.

"போலாம் ரைட்" என்றார். உதடு மட்டும்தான் அசைந்தது.

அம்மா வரவில்லை. வாசலிலேயே, கீழே, நின்றாள். "வாசல்வரைக்கும் வந்தாச்சு. அது போதும்" என்றாள்.

*

அவள் மயானத்திலிருந்து திரும்பி வந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. தம்பி சாவுச் செலவெல்லாம் பேசி முடிக்கப் பின்தங்கிவிட்டான். புது விளக்குகளை ஒவ்வொன்றாக எரியவிட்டுச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். சாக்குகளை எடுத்துக் கல்லைத் துடைத்திருந்தார்கள். யாரும் அந்த வழியாகப் போனதற்கு அடையாளமே இல்லை. மேடைக்குப் பக்கத்தில் அவளுடைய நீலப் பெட்டியின் ஜன்னல் சாத்தியிருந்தது. நாளைக்கு அவள் வர வேண்டாம் என்று சைட் இன்ஜினியர் செய்தி அனுப்பியிருந்தான். வேறு ஒரு பெண்ணை உட்கார வைக்கிறார்களாம்.

முன்வாசல் திறந்திருந்தது. ஆறு வருஷத்துக்குப் பிறகு அவள் தெருவிலிருந்து தன் வீட்டு வாசலில் வந்து நின்றாள். நடைபாதையில் நின்று பார்த்தால் வீடு கீழே கிடந்தது.

கட்டிலைச் சுவரோரமாக நிமிர்த்திவிட்டு, அம்மா முன்னறையைக் கழுவிக்கொண்டிருந்தாள். தரை முழுக்க மரத்தூள், செருப்புத் தடம், ஆம்புலன்ஸ்காரர்கள் பிரித்துப்போட்ட உறை. அந்தத் தரையை வீடு கட்டும்போதே வாசலைப் பார்த்துச் சரிவாகப் போட்டிருந்தார்கள். ஒரு வாளி ஊற்றித் துடைப்பத்தால் தள்ளினால் வாசல் தாண்டித் தெருவில் போய் விழும். தகரம் வந்தபிறகு அம்மா அதை விட்டுவிட்டுத் துணியால் துடைக்கப் பழகியிருந்தாள். இன்று வாசல் திறந்துவிட்டது. வாளி நிறைய ஊற்றியிருந்தாள். அவள் கால் பக்கத்தில் இன்னொரு வாளி நிறைந்து நின்றது.

அம்மா குனிந்து துடைப்பத்தால் ஒரே வீச்சாகத் தள்ளினாள். தண்ணீர் மரத்தூளை அள்ளிக்கொண்டு வாசலுக்கு ஓடியது. அறுத்த பலகையில் மோதி, நுரைத்து, சற்று நின்றது. பிறகு தூளும் அழுக்குமாகத் திரும்பி வந்து அம்மாவின் பாதங்களைச் சுற்றிக்கொண்டது. அம்மா மறுபடியும் தள்ளினாள். மறுபடியும் வந்தது.

துடைப்பத்தை ஊன்றி நிமிர்ந்தபோதுதான் வாசலுக்கு மேலே மகள் நிற்பதைப் பார்த்தாள். மகளின் தலைமுடியில் இன்னும் மரத்தூள் இருந்தது.

"திரும்பி வருது மேடம்" என்றாள் அம்மா.

அவள் செருப்பைக் கல்லின்மேல் விட்டுவிட்டு, பலகையைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினாள். மூலையில் கிடந்த குவளையை எடுத்து, குந்தி, மொண்டு மொண்டு காலி வாளியில் ஊற்றத் தொடங்கினாள்.